கல் வெளுத்த சித்திரை

வெள்ளவத்தையில் நான் இருந்த அறையிலிருந்து கடலுக்கு நூறு மீற்றர்கூட வராது. யுத்த காலத்தில் அந்த நூறு மீற்றரைக் கடக்கிற தமிழ்ப் பெண்ணுக்கு மூன்று பதில்கள் தயாராக இருக்க வேண்டும்: எங்கே பிறந்தாய், கொழும்புக்கு ஏன் வந்தாய், கடற்கரையில் உனக்கு என்ன வேலை. முதல் இரண்டுக்கும் எல்லோரையும் போல நானும் பதில் பாடமாக்கி வைத்திருந்தேன். மூன்றாவதற்கு நான் சொன்ன பதிலை எந்தச் சோதனைச் சாவடியிலும் யாரும் நம்பியதில்லை. முருகைக்கல், அதாவது பவளப்பாறை, எண்ணுவது என் வேலை.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துவிட்டு வந்து, இரண்டு வருஷம் ரியூஷன் கொடுத்துத் தொண்டை வறண்ட பிறகு, கரையோரத்தைப் பாதுகாக்கவென்றே நடந்த ஓர் அலுவலகத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. நீந்தத் தெரியும், மூன்று மொழியும் எழுதத் தெரியும் என்பதற்காக எடுத்தார்கள். அலுவலகச் சுவர் முழுக்கக் கடல் படம். அங்கே வேலை செய்தவர்களில் பாதிப்பேர் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தவர்கள் அல்ல. அலுவலகத்தின் தலைவரான பணிப்பாளர் தமிழர், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னோடு தமிழில் கதைக்கவே மாட்டார். அதை அப்போது நான் குறையாக எடுக்கவில்லை. தமிழில் கதைத்தால் யார் கவனிப்பார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

நான் சொல்ல வந்தது கடலடியில் மூழ்கித் தொழில் செய்கிற ஒரு சுழியோடியைப் பற்றி. முகத்துவாரத்துக்காரர், கத்தோலிக்கத் தமிழர், மனைவி சிங்களம். கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கிற அலங்கார மீன்களை உயிரோடு பிடித்து ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுப்பது அவர் தொழில். அவருடைய போட் தெஹிவளைக் கரையில், மனைவியின் தமையனுடைய மீன்வாடியில் நின்றது. வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் நேரே, கரையிலிருந்து ஒரு மைலுக்குள், கடலுக்கடியில் நீளமாக ஒரு கல்மேடு கிடக்கிறது. கடற்காரர் அதைப் பார் என்பார்கள். கல்லின் மேல் முருகை வளர்ந்து, முருகைக்குள் மீன் குடியிருக்கும். அந்தப் பாரின் ஒவ்வொரு மூலைக்கும் அவர் தானே பெயர் வைத்திருந்தார். வடக்கு முனை கோயில்படி. மீன்கள் முட்டி மோதுகிற நடுப்பகுதி கொட்டாஞ்சேனைச் சந்தி. தெற்கே, பெரிய இறால்கள் ஒளிந்திருக்கிற இடம் குசினி. இளவயதில் மீனை வெளியே எடுக்கத் தானும் இரும்பு அலவாங்கால் கல்லை உடைத்ததாக முதல் சந்திப்பிலேயே என்னிடம் சொன்னார். பிறகு, உடைத்த இடத்துக்கு மீன் திரும்பி வரவில்லை என்பதைக் கண்டு விட்டுவிட்டாராம். எங்கள் அலுவலகத்தில் யாரும் தான் செய்த பிழையை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கல் வெளுத்த அந்த வருஷம் பங்குனிக் கடைசியில் அவர் அலுவலகத்துக்கு வந்தார். நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"மிஸ், பாருல கல்லெல்லாம் வெளுக்குது. தண்ணி சுடுது. இருபது வருஷத்துல நான் இப்படிக் கண்டதில்ல."

நான் அவரைப் பணிப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பணிப்பாளர் அவரை இருக்கச் சொல்லவில்லை. உலகம் முழுக்க இந்த வருஷம் கடல் சூடாகியிருக்கிறது, வெளிநாட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது, சூரியனுக்கு நாங்கள் கடிதம் எழுத முடியுமா என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டுச் சிரித்தார். சுழியோடிக்கு இங்கிலீஷ் விளங்காது. சிரிப்பு விளங்கியது.

அடுத்த நாள் நான் அவருடைய போட்டில் போனேன். தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முந்திய நாட்கள், கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. கண்ணாடியை மாட்டி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். குசினிப் பக்கம் முழுக்க வெள்ளை. சில இடங்களில் வெளிர் நீலம், சில இடங்களில் பால்நிறம். பார்க்க அழகாக இருந்தது, அதுதான் கொடுமை. எதுவும் தெரியாத ஒருவர் அதைப் பார்த்தால் கைதட்டியிருப்பார். மூன்று பாகம், பதினெட்டு அடி ஆழத்தில், அவர் ஒரு கல்லின் பக்கத்தில் மிதந்தபடி என்னை வரச்சொல்லிக் கைகாட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வெள்ளைக்கு மேல் மெல்லிய கண்ணாடி மாதிரி தசை இன்னும் இருந்தது. சின்னச் சின்ன வாய்கள் அசைந்தன.

மேலே வந்ததும், "சாகல்ல மிஸ், பட்டினி கிடக்குது" என்றார்.

நான் புத்தகத்தில் படித்ததை அவர் கண்ணால் கண்டிருந்தார். முருகைக்குச் சோறு போடுவது அதன் தசைக்குள் குடியிருக்கிற நுண்ணிய பாசி. சூடு கூடினால் அந்தப் பாசி வெளியேறிவிடும். நிறமும் அதோடு போய்விடும். ஆனால் முருகை உடனே சாவதில்லை. சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். மழையும் காற்றும் வந்து தண்ணீர் ஆறினால், வேறு உபத்திரவம் இல்லாவிட்டால், பாசி திரும்பிவரும், கல் பிழைக்கும். வேறு உபத்திரவம் இல்லாவிட்டால் மட்டும்.

உபத்திரவம் கரையில் நின்றது. ரயில் பாதைக்கு அப்பால் ரோட்டு ஒன்று போடவென்று ஓர் ஒப்பந்தக்காரர் லொறி லொறியாகச் சிவந்த கிரவல் மண் கொண்டுவந்து கடலோரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். அலை அடித்த இடமெல்லாம் மண் கரைந்து, சிவப்பு நீரோட்டமாக வடக்கு முனையை நோக்கிப் போனது. போட்டில் இருந்து பார்த்தால் கோயில்படியின் மேல் சிவப்புப் பாய் விரித்தது போல இருக்கும். பட்டினி கிடக்கிறவன் வாயில் மண்ணைப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு விலங்கியல் பட்டம் தேவையில்லை.

சூரியனுக்குக் கடிதம் எழுத ஏலாதுதான். ஒப்பந்தக்காரருக்கு எழுதலாம். மண் கொட்டுவதைக் காற்றுத் தொடங்கித் தண்ணீர் ஆறும்வரை, குறைந்தது இரண்டு மாதம், நிறுத்தச் சொல்லிக் கேட்கும் கடிதத்தைச் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் தட்டச்சு செய்து பணிப்பாளரின் மேசையில் வைத்தேன். ஆதாரம் எங்கே என்றார். எத்தனை கல் வெளுத்தது, எங்கே, எவ்வளவு ஆழத்தில், எல்லாம் படத்தோடு வேண்டும் என்றார். அது நியாயமான கேள்வி. கடலில் ஆழம் அளப்பதென்றால் கடற்படைக்கு அறிவித்து அனுமதி எடுக்க வேண்டுமே என்று கேட்டேன்.

"அதை நான் பார்க்கிறேன். நீ போய் எண்ணு" என்றார், இங்கிலீஷில்.

சித்திரைப் புதுவருஷம் வந்தது. ஊரே மூடியது. லொறிகளும் நின்றன. நான்கு நாட்களில் தண்ணீர் தெளிந்ததை நாங்கள் கண்டோம். கோயில்படியின் மேல் இருந்த சிவப்பு அடங்கி, வெள்ளைக் கற்கள் வெளியே தெரிந்தன, அவற்றின் மேல் தசை இன்னும் உயிரோடு இருந்தது. நிறுத்தினால் போதும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எங்கே கிடைக்கும்? மற்றவர்கள் கொக்கிசும் பலகாரமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், காலை வெளிச்சம் வந்ததும் தொடங்கி, முதுகுத் தோல் உரிய உரிய எண்ணினோம். ஒவ்வொரு மீற்றருக்கும் சிவப்பு நூல் கட்டிய கயிற்றை அவர் அடியில் இழுத்துக் கட்டுவார். கயிற்றுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று பிளாஸ்ரிக் பலகையில் பென்சிலால் குறிப்பார். அவருக்கு எழுத்து ஓடாது. ஆகவே முழு வெள்ளைக்கு வட்டம், பாதிக்குப் பிறை, செத்ததற்குச் சிலுவை என்று ஒரு முறை வைத்துக்கொண்டார். போட்டில் இருந்து நான் அதைப் பெரிய தாளில் படமாக வரைந்தேன். ஆழம், திசை, தூரம் எல்லாம் அதில் இருந்தன. அப்படி ஒரு வேலையை அதற்குப் பிறகு நான் எங்கும் செய்ததில்லை.

விடுமுறை முடிந்து லொறிகள் திரும்பி வந்த அன்று, ஆறாவது காலை, நாங்கள் எண்ணி முடித்துக் கரையேறியபோது தெஹிவளை மணலில் எங்களுக்காகப் பொலிஸ் நின்றது.

கயிற்றை எடுத்தார்கள். திசைகாட்டியை எடுத்தார்கள். படத்தை விரித்துப் பார்த்தார்கள். கொழும்புக் கரைக்கு நேரே கடலின் ஆழம் குறித்த படம், அதை வரைந்தவள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், ஆழம் பார்த்தவன் தமிழ்ச் சுழியோடி. அந்த நாட்களில் அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் வேண்டியதில்லை. கடற்படையின் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். அலுவலகத்துக்குத் தொலைபேசி அடியுங்கள், அங்கே இருக்கிறது என்றேன். நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

பொறுப்பதிகாரி எங்கள் இருவரையும் முன்னால் வைத்துக்கொண்டு பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தார். நீண்ட நேரம் கேட்டார். வைத்த பிறகு சிங்களத்தில் சொன்னார்: கடிதம் எதுவும் அனுப்பப்படவில்லையாம். நான் அவர்களுடைய உத்தியோகத்தர்தானாம், கொஞ்சம் அவசரக்காரியாம், விட்டுவிடலாமாம். அந்த ஆளை அவருக்குத் தெரியாதாம்.

அந்த ஆள் எனக்குப் பக்கத்தில் ஈரக் காற்சட்டையோடு நின்றார். அவருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கத்தினேன். அலுவலகத்தின் வேலையைத்தான் அவர் செய்தார், பணிப்பாளரின் அறைக்குள் நானே கூட்டிக்கொண்டு போனேன் என்றேன். அதிகாரி என் அலுவலக அட்டையைத் திருப்பித் தந்து போகச் சொன்னார். நான் போனேன். அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு, ஓட்டோ பிடித்து, வெள்ளவத்தைக்கு வந்து, குளித்து, உப்பைக் கழுவிவிட்டு அழுதேன்.

மறுநாள் காலை அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கையில் பெரிய பொலித்தீன் பை ஒன்று இருந்தது. பாதிக்குத் தண்ணீரும் மீதிக்குக் காற்றும் நிரப்பி ரப்பர் வளையத்தால் இறுக்கியிருந்தது. உள்ளே மஞ்சள் வண்ணத்திப்பூச்சி மீன்கள் இரண்டு. வீட்டுத் தொட்டியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். "வாங்க மிஸ், போவோம்" என்றார். அவ்வளவுதான்.

பொலிஸ் நிலையத்தில் அவர் அந்தப் பையைப் பொறுப்பதிகாரியின் மேசையில், கோப்புகளின் மேல் வைத்தார். தன் புருஷன் கடலுக்குள் தேடுவது இதைத்தான் என்று சிங்களத்தில் சொன்னார். இந்த மீன் வெளுத்த கல்லைத் தின்னாது, கல் செத்தால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இல்லை, அதைத்தான் அந்தத் தாளில் கீறி வைத்திருக்கிறார்கள் என்றார். குரல் உயரவில்லை. அதிகாரி கொஞ்ச நேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. விளங்குகிறது, ஆனால் கோப்பு மேலே போய்விட்டது, இனித் தன் கையில் இல்லை, அலுவலகம் எழுத்தில் பொறுப்பேற்றால் பார்க்கலாம் என்றார்.

நான் நேரே பணிப்பாளரிடம் போனேன். கதவைத் தட்டாமல் உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

"அவரைத் தெரியும் என்று ஒரு கடிதம் தாங்கோ" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, தமிழில் கதைத்தார்.

"எனக்கும் பிள்ளையள் இருக்கினம். நானும் தமிழன். நாளைக்கு என்ர பேரையும் அந்தக் கோப்பில போட்டால் யார் வருவினம்?"

"அவருக்கு நீங்கள் வந்திருக்க வேணும்" என்றேன்.

அவர் கடிதம் தரவில்லை. நான் அதைச் சிங்களத்தில் தட்டச்சு செய்து காலையில் மேசையில் வைப்பேன், பின்னேரம் அது கையெழுத்தில்லாமல் என் மேசைக்குத் திரும்பி வரும். ஐந்து வாரம் இப்படிப் போனது. அந்த ஐந்து வாரமும் நான் சம்பளம் வாங்கினேன், தேநீர் குடித்தேன், சுவரில் இருந்த கடல் படங்களுக்குக் கீழே இருந்தேன். கடைசியில், அமைச்சிலிருந்து ஆட்கள் வந்த கூட்டமொன்றில் நான் எழுந்து நின்று, எங்கள் சுழியோடி தடுப்பில் இருக்கிறார், பணிப்பாளர் கடிதம் தயாரித்துக்கொண்டிருக்கிறார் என்று மூன்று மொழியிலும் சொன்னேன். அன்று பின்னேரம் கையெழுத்து வந்தது.

அவர் வெளியே வந்தபோது ஆனி பிறந்திருந்தது. தென்மேற்குக் காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. மண் கொட்டுவது ஒரு நாளும் நிற்கவில்லை. என்னுடைய அந்த முதல் கடிதம், ஆதாரத்துக்காகக் காத்திருந்த கடிதம், பணிப்பாளரின் தட்டிலேயே கிடந்தது. ஆதாரம் பொலிஸில் கிடந்தது.

முகத்துவாரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். என்னை வலப்பக்கம் இருக்கச் சொன்னார். இடது காது கேட்கவில்லை. உள்ளே விசாரித்தபோது ஒருவன் கையை விரித்து அறைந்திருக்கிறான். செவிப்பறை கிழிந்துவிட்டது. பொரளையில் பெரியாஸ்பத்திரியில் காட்டினார்களாம். கேட்கும் சக்தி கொஞ்சம் திரும்பலாம், ஆனால் இனித் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதை அவர் மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். அறைந்தவனுக்குத் தான் எதைக் கிழித்தான் என்று தெரிந்திருக்காது. அதை நினைக்கும்போது என் கோபம் குறைவதில்லை, கூடுகிறது.

கார்த்திகை முடிந்து கடல் அடங்கியதும் நான் பாருக்குப் போக வேண்டும் என்றேன். மைத்துனர் போட்டை ஓட்டினார். சுழியோடி தானும் வருகிறேன் என்று வந்தார். ஆனால் இறங்கவில்லை. போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் ஒவ்வோர் இடமாக முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்குவேன். அவர் கேட்பார்.

"குசினி?"

"மூன்றில் ஒரு பங்கு நிறம் திரும்பியிருக்கு. சின்ன மீன் வந்திருக்கு."

"சந்தி?"

"பாதிக்குப் பாதி."

"கோயில்படி?"

நான் திரும்ப ஒரு தடவை முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். பார்க்க எதுவும் இருக்கவில்லை, நேரம் எடுக்கத்தான் வைத்தேன். கல் முழுக்கச் செம்மண் படிந்து, அதன் மேல் அழுக்குப் பாசி பிடித்து, நீர் அசைந்தபோதெல்லாம் மண் புகை மாதிரி எழும்பியது. ஒரு மீன் இல்லை. தலையைத் தூக்கியபோது அவர் மைத்துனரிடம் எஞ்சினைப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே கடல், ஒரே சூடு. மண் போகாத இடத்தில் கல் பிழைத்தது. மண் போன இடத்தில் செத்தது. இதைவிடச் சுலபமாக ஒரு உண்மையைக் கடல் எழுதிக் காட்ட முடியாது. நான் திரும்ப ஒரு குறிப்பு எழுதினேன். முந்தைய கணக்கு இல்லாமல் இதை ஒப்பிட முடியாதே என்று பணிப்பாளர் பதில் எழுதினார். முந்தைய கணக்கை எழுத்தில் கேட்டுப் பொலிஸுக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அடுத்த வருஷம் எங்கள் அலுவலகம் தடித்த அறிக்கை ஒன்றை வெளியிட்டது. சட்டப்படி மூன்று மொழியிலும் வர வேண்டும். தமிழாக்க வேலை என் மேசைக்கு வந்தது. கொழும்புக் கரைக்கு ஒரு பந்தி ஒதுக்கியிருந்தார்கள். உலகளாவிய வெப்ப உயர்வால் இப்பகுதியின் முருகைப் பார்கள் அழிந்தன, இது மனிதக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது, இப்பகுதி பற்றிய கள ஆய்வுகள் எவையும் மேற்கொள்ளப்படவில்லை. எவையும்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. காலநிலை என்ற சொல் பொய்யல்ல, கடல் உண்மையாகவே சூடாகியது. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் லொறியும் ஒளியலாம், ஒப்பந்தக்காரரும் ஒளியலாம், ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்காத மனிதரும் ஒளியலாம். சூரியனைக் குற்றவாளியாக்கினால் விசாரணை தேவையில்லை.

அந்தப் பந்தியை நான் மொழிபெயர்க்கவில்லை. அதன் இடத்தில் நடந்ததை எழுதினேன். சூட்டில் வெளுத்தது, புதுவருஷத்தில் மண் நின்றபோது தண்ணீர் தெளிந்தது, திரும்பக் கொட்டியபோது வடக்கு முனை செத்தது, ஆறு நாள் கள ஆய்வு செய்யப்பட்டது, அதைச் செய்த சுழியோடி தடுத்து வைக்கப்பட்டார். பெயர்கள் போடவில்லை. அச்சுப்பிரதி சரிபார்க்கப் பணிப்பாளரிடம் போனது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே மேலதிகாரி அவர்தான். திறந்துகூடப் பாராமல் கையெழுத்து வைத்தார். புத்தகம் அச்சாகி வந்தது. ஒவ்வொரு நாளும் என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். என்ன பதில் சொல்வதென்றும் யோசித்து வைத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. தமிழ்ப் பிரதி கட்டுக் கட்டாகக் களஞ்சிய அறையில் கிடந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த மிகத் துணிச்சலான காரியத்துக்குத் தண்டனைகூடக் கிடைக்கவில்லை. யாரும் வாசிக்காத மொழியில் செய்திருந்தேன்.

சில மாதங்களில் வேலையை விட்டேன். விடும்போது தமிழ்ப் பிரதியில் இரண்டை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனேன். அவர் அப்போது போட் எஞ்சின் திருத்துகிற வேலையில் இருந்தார். முழங்கை வரை கறுப்பு எண்ணெய். மனைவி தேநீர் ஊற்றித் தந்தார். அந்தப் பந்தியை நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். நல்ல காதைத் திருப்பிக் கேட்டார். முடிந்ததும் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"மிஸ்ஸுக்கு இன்னும் கோபமா?" என்றார் பிறகு.

"ஓம். உங்களுக்கு இல்லையா?"

அவர் கையைத் துணியில் துடைத்தார்.

"எனக்கு ஏலாது மிஸ். நான் இந்த ரோட்டாலதானே தினமும் போய் வரணும், அந்தச் சென்றியில ஆமிக்காரனுக்கு அட்டையைக் காட்டிக்கிட்டு. கோபத்த நீங்க வச்சிருங்க."

புத்தகத்தில் ஒன்றை மனைவி வாங்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார். நான் பஸ் ஏறினேன். கொட்டாஞ்சேனையில் இறக்கிச் சோதித்தார்கள். மற்றப் புத்தகத்தை ஒரு சிப்பாய் புரட்டிப் பார்த்தான், படம் இருந்த பக்கங்களை மட்டும். இது என்ன என்றான். முருகைக்கல் என்றேன். அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்தான்.